அடங்காத பிள்ளைக்கு ஓர் ஏணி

தெலுங்கில் 'அல்லரி' என்று ஒரு சொல் உண்டு. குறும்பு, சேட்டை, அடங்காமை எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். வெண்ணெய் திருடிய கிருஷ்ணன் செய்ததும் அல்லரிதான். சித்தூரிலோ திருப்பதியிலோ மூன்றாம் வகுப்பில், ஒரு பீரியடுக்குள் பத்துத் தடவை பெஞ்சை விட்டு எழுந்திருக்கும் பையன் செய்வதும் அல்லரிதான். எல்லையோரத் தமிழ் வீடுகளில் அவனுக்கு 'வாலு' என்று பெயர். வீட்டில் சொல்லும்போது இரண்டு சொல்லிலும் கொஞ்சல் கலந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போனதும் கொஞ்சல் காணாமல் போய்விடுகிறது. "ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறாம்மா. பக்கத்துல இருக்கிற பிள்ளைங்களையும் கெடுக்கிறான். வேற ஸ்கூல் பாத்துக்கங்க" என்று ஹெட்மாஸ்டர் அறையில் அம்மாவிடம் சொல்லப்படும் நாளில், அதுவரை செல்லமாக இருந்த வாலுத்தனம் குற்றமாக மாறுகிறது.

அப்படி அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது வெறும் குறும்பு அல்ல. ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் கவனக்குறைவு - அதீதத் துடிப்புக் கோளாறு அது. பெயர் புதிது, குழந்தை பழசு. 1840களில் ஜெர்மானிய டாக்டர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் தன் மகனுக்காக எழுதிய படக்கதைப் புத்தகத்திலேயே, சாப்பாட்டு மேஜையில் சும்மா இருக்க முடியாமல் நாற்காலியோடு சாயும் பிலிப் என்ற பையன் வருகிறான். 1902இல் லண்டனில் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவர் இதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் வர்ணித்தார். மருத்துவம் அந்தக் கருத்தைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் பள்ளிகள் பலவும் இன்னும் 1902இலேயே நிற்கின்றன.

இந்தப் பையனுக்குக் கவனமே கிடையாது என்பதும் சரியல்ல. பிடித்த விளையாட்டில் ஒரு மணி நேரம் மூழ்கியிருப்பான். கவனத்தை, வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம் நிறுத்திவைப்பதுதான் அவனால் முடிவதில்லை. "நோட்டை எடு, தேதி போடு, பதினேழாம் பக்கத்தில் மூன்றாவது கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால், நோட்டை எடுப்பதற்குள் மற்ற இரண்டும் மறந்துபோகும். கையைத் தூக்குவதற்கு முன் வாய் பதில் சொல்லிவிடும். அம்மாவின் வளர்ப்பு இதற்குக் காரணம் அல்ல. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஓடாமல், கத்தாமல், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இன்னொரு ரகமும் உண்டு. பெண் குழந்தைகள் பலர் இந்த ரகம். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் அவர்களைப் பற்றி எந்த டீச்சரும் புகார் செய்வதில்லை. 'மந்தம்' என்ற முத்திரையோடு அவர்கள் வகுப்பு வகுப்பாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? உலக அளவில் நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. கோயம்புத்தூர் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 11.32 சதவீதம் வந்தது. யாரைக் கேட்டோம், எந்த அளவுகோலை வைத்தோம் என்பதைப் பொறுத்து எண் ஏறி இறங்கும். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அதாவது, எந்த ஆசிரியரும் இந்தக் குழந்தையைச் சந்திக்காமல் ஓய்வு பெற முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உட்காராத பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. என்று முத்திரை குத்திவிட முடியாது. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். பள்ளியில் மட்டுமின்றி வீட்டிலோ வேறு இடத்திலோ கூடத் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் தெரிகிறது என்றால் முதலில் பரிசோதிக்கவேண்டியது பள்ளியைத்தான். நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இது இன்னும் முக்கியம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த குழந்தை, தெலுங்கும் ஆங்கிலமும் மட்டும் ஒலிக்கும் வகுப்பில் போய் உட்காரும்போது, புரியாத பேச்சை எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருக்கும்? காது சரியாகக் கேட்காத குழந்தை, கண் மங்கலான குழந்தை, இரத்தசோகையால் சோர்ந்த குழந்தை, இரவு சரியாகத் தூங்காத குழந்தை, இவர்களும் 'கவனம் இல்லாதவர்கள்' பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். வேறொரு வேடிக்கையும் உண்டு. வகுப்பிலேயே வயதில் சின்னவர்களுக்கு இந்த முத்திரை அதிகம் விழுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறந்த தேதியை முன்னே தள்ளிப் போட்டு, ஒரு வருஷம் 'மிச்சம் பிடித்து' சேர்க்கும் பழக்கம் உள்ள நம் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, உண்மையிலேயே அந்தக் கோளாறு உள்ள குழந்தைக்கு எப்படிப்பட்ட வகுப்பு வேண்டும்? நிபுணர்கள் சொல்வதைத் தொகுத்தால் இவ்வளவுதான்: வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரியட்டும். எழுந்து நடக்க நியாயமான காரணம் இருக்கட்டும். செய்தது சரியா தப்பா என்பது அப்போதே தெரியட்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி வரை போனால் போதும்.

ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் மதனப்பள்ளி. அதற்குச் சில மைல் தொலைவில், பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது ரிஷிவேலி. வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளி என்றுதான் வெளியே அதற்குப் பெயர். ஆனால் கல்வித் துறையில் அதற்கு இருக்கும் மரியாதையில் பாதி, சுற்றியுள்ள வறண்ட கிராமங்களில் அது நடத்திய ஓரறைப் பள்ளிகளால் வந்தது. ஒய்.ஏ.பத்மநாப ராவ், ஏ.ரமா என்ற தம்பதியின் தலைமையில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி அது. அவர்கள் முன் இருந்த பிரச்னை ஏ.டி.எச்.டி. அல்ல. அந்தப் பெயரே அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஆசிரியர் ஒருவரோ இருவரோ. வேர்க்கடலை பறிக்கும் பருவத்திலும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாளிலும் வராமல் நின்றுவிடும் குழந்தைகள். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரேயடியாக நின்றுவிடுவார்கள்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, பாடப் புத்தகத்தைப் பிரித்துப் போடுவது. தெலுங்கு, கணக்கு, சூழ்நிலையியல் மூன்றும் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்தன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரே ஒரு வேலை. அட்டையின் மேல் ஒரு படச் சின்னம். அதே சின்னம் சுவரில் மாட்டியிருக்கும் 'கற்றல் ஏணி'யிலும் இருக்கும். குழந்தை காலையில் வந்ததும் ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்க்கிறது. அடுத்த சின்னம் எது என்று தெரிந்துகொள்கிறது. எழுந்து போய் அந்தச் சின்னமுள்ள தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொள்கிறது. அதை எந்தக் குழுவில் உட்கார்ந்து செய்வது என்பதும் ஏற்கெனவே முடிவானது. புதுப் பாடம் என்றால் ஆசிரியர் பக்கத்தில், பழகுவதென்றால் தோழர்களோடு, நன்றாகத் தெரிந்ததென்றால் தனியாக. சில படிகள் கழித்து ஒரு சோதனை அட்டை வரும். தேறினால் கூடுதலாக ஒரு சுவையான வேலை. தேறாவிட்டால் அதே விஷயத்தை வேறு விதமாகச் சொல்லித்தரும் இன்னோர் அட்டை. ஃபெயில் கிடையாது. மூன்று வாரம் கடலை பறிக்கப் போய்விட்டு வந்த பையனுக்கு அவனுடைய படி அப்படியே காத்திருக்கும். 1993இல் இதற்கென்றே ஆங்கிலத்தில் 'ரிவர்' என்ற சுருக்கப் பெயரோடு ஒரு வளமையம் அமைந்தது. 'பெட்டிக்குள் ஒரு பள்ளி' என்ற பெயரில் இந்த அட்டைகள் பல மாநிலங்களுக்குப் பயணம் போயின.

மேலே சொன்ன நிபுணர் பட்டியலை இப்போது மறுபடி படித்துப் பார்க்கலாம். துண்டு வேலை, கண்ணுக்குத் தெரியும் வரிசை, உடனுக்குடன் விடை, ஒப்பீடு இல்லாமை, எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. முக்கியமாக, நடமாட்டம். சாதாரண வகுப்பில் எழுந்து நடப்பது குற்றம். இங்கே எழுந்து நடக்காவிட்டால் அடுத்த அட்டை கிடைக்காது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் அரிக்கும் பையன், அந்த அறையில் கண்ணில் படவே மாட்டான். எல்லாரும்தான் எழுந்து நடக்கிறார்கள். அவனுக்காக எந்தச் சலுகையும் தரவில்லை. அவனைத் தனியாகப் பிரிக்கவும் இல்லை. 'மெட்ரிக் மேளா' என்று குழந்தைகளே கடை போட்டு, எடை பார்த்து, பெரியவர்களிடம் வியாபாரம் செய்யும் சந்தை நாள் வேறு. நாற்பது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதவன், அங்கே தராசோடு நாள் முழுக்க நிற்பான்.

இது நோய் தீர்க்கும் முறை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோளாறு அப்படியேதான் இருக்கும். அது குழந்தைக்குச் செய்யும் சேதம்தான் குறைகிறது. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க், வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கல்வியாளர்கள் ரிஷிவேலியோடு சேர்ந்து வேலை செய்தபோது, சிறப்புக் கல்வித் துறையினரும் அதில் இருந்தது தற்செயல் அல்ல.

சக மாணவன் சொல்லித்தருவது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்தது அதைத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதுவதையும் ஒருவருக்கொருவர் கற்றுத் தருவதையும் பார்த்துவிட்டு, 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தே அதைப் பின்பற்றியது. போனது திரும்பி வர இருநூறு வருஷம் ஆயிற்று.

தமிழ்நாட்டுக்கும் வந்தது. வேலூரில் கலெக்டராக இருந்த காலத்திலேயே ரிஷிவேலி முறையில் அக்கறை கொண்ட எம்.பி.விஜயகுமார், சென்னை மாநகராட்சி கமிஷனரானபோது 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைச் செயல்வழிக் கற்றலாகத் தொடங்கினார். 2007இல் மாநிலம் முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு அது பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. வருகையைக் குழந்தைகளே பதிவு செய்தார்கள். பல பெற்றோர்களுக்கு இது பிடிக்கவில்லை. "டீச்சர் பாடமே நடத்தறதில்லை, பிள்ளைங்க விளையாடிட்டு வருது" என்பது அன்று பரவலாகக் கேட்ட குறை. ஆசிரியர் சங்கங்களும் பதிவேட்டுச் சுமையைச் சொல்லிக் குறைபட்டன. ஒரு மாவட்டத்து மலைக்கிராமத்தில் பொறுமையாக வளர்ந்ததைச் சுற்றறிக்கையால் ஒரே வருஷத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நட்டால் சில இடங்களில் வாடத்தான் செய்யும். கிழிந்த அட்டைக்கு மாற்று வராத பள்ளியில் ஏணி வெறும் சுவர்ப் படமாகிவிடும். பின்னர் புத்தகம் திரும்பி வந்தது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பதில் அந்தப் பழைய ஏணியின் சாயல் தெரிகிறது.

ஏ.டி.எச்.டி. குழந்தையை மனதில் வைத்துப் பார்த்தால், இந்த முறையிலும் ஒன்றிரண்டு கல் இடறும். முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்யும் அறையில் சத்தம் இருக்கும். தலைக்கு மேல் கம்பிகளில் படங்கள் ஆடிக்கொண்டிருக்கும். சிதறும் கவனத்துக்கு இவை விருந்து. தனியாகச் செய்யவேண்டிய அட்டையோடு அவனை விட்டுவிட்டால், அட்டையை எடுக்கப் போனவன் வழியில் மூன்று பேரோடு பேசிவிட்டு வெறுங்கையோடு வருவான். அவனுக்கு மட்டும் ஆசிரியரின் குழுவில் கூடுதல் நாள் இடம், சுவரைப் பார்த்த அமைதியான மூலை, அட்டை முடிந்ததும் தோளில் ஒரு தட்டு, இவை வேண்டும். ஏணி அதைச் செய்யாது. ஆசிரியர்தான் செய்ய வேண்டும்.

திருப்பதிக்கு இறங்கினால் காட்சியே வேறு. மெடிக்கல், இன்ஜினீயரிங் கனவுகள் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் ஊர். காலையில் ஸ்டடி, மாலையில் ஸ்டடி, வாரத்துக்கு ஒரு டெஸ்ட், ராங்க் பட்டியல். உட்கார்ந்திருப்பதுதான் படிப்பு என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட பள்ளிகள் இவை. மைதானம் இல்லாத மாடிக் கட்டடத்தில், பி.டி. பீரியடையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்ளும் பள்ளியில், அந்தப் பையன் மதியம் இரண்டு மணிக்கு வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தண்டனையாக முதலில் பறிக்கப்படுவது அவனுடைய இடைவேளை. அவனுக்கு மிகவும் தேவையானதும் அதுதான்.

சட்டம் இதில் அவ்வளவு மோசமாக இல்லை. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவேதான் யாரும் நீக்குவதில்லை. 'நீங்களே டிசி கேட்டு எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லி இடம் பெற்றிருக்கிறது. பள்ளிக்கு வரும் அந்த மருத்துவக் குழு, சந்தேகமுள்ள குழந்தையை மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். எடையும் பல்லும் பார்ப்பதோடு முடித்துவிடாமல் இதையும் கேட்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்தலாம். ஆனால் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது; ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டுப் போகும் பெற்றோர் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மருந்து? உண்டு. 1944இல் ஸ்விட்சர்லாந்தில் மெதைல்ஃபெனிடேட்டைத் தயாரித்த வேதியியலாளர், தன் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு 'ரிட்டலின்' என்று பெயர் வைத்தார். ஊக்கமூட்டும் மருந்து, ஏற்கெனவே துள்ளும் குழந்தையை அடக்குவது விந்தைதான். கவனத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியை அது விழிக்க வைக்கிறது. அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து 1999இல் வெளியான பெரிய ஆய்வில், அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் தனி நடத்தைப் பயிற்சியைவிட ஒழுங்காகக் கண்காணித்துத் தந்த மருந்து நன்றாக வேலை செய்தது. அதே குழந்தைகளை மூன்றாம் ஆண்டு முடிவில் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. இந்தியாவில் அது போதைப் பொருள் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. மனநல மருத்துவரோ குழந்தை நல நிபுணரோ பார்த்துத்தான் தர வேண்டும். மருந்து வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பதும், மாத்திரை கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு பள்ளி நிபந்தனை போடுவதும் ஒரே அளவு தவறு. மாத்திரை அவனை உட்கார வைக்கலாம். உட்கார்ந்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்பது வகுப்பைப் பொறுத்தது.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஏணிக்கும் அட்டைக்கும் எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஏணி இல்லாமலும் சில காரியங்கள் நடக்கும். ஜன்னல் ஓரத்திலிருந்து அவனை மேஜைக்குப் பக்கத்து பெஞ்சுக்கு மாற்றலாம். இரண்டு பக்கமும் அமைதியான பிள்ளைகளை உட்கார வைக்கலாம். பத்துக் கணக்கை ஐந்து ஐந்தாகக் கிழித்த தாளில் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு ஒரே கட்டளை. நாள் முடிவில் டயரியில் தப்பை மட்டும் எழுதாமல், அன்று அவன் சரியாகச் செய்த ஒன்றையும் எழுதலாம். அந்தப் பக்கத்தைக் காட்ட அவன் வீட்டுக்கு ஓடுவான். சாக்பீஸ் எடுத்து வர, வருகைப் பதிவேட்டை ஆபீசில் கொடுக்க, போர்டைத் துடைக்க எல்லா வகுப்பிலும் ஓர் ஆள் தேவை. வழக்கமாக முதல் ராங்க் வாங்கும் பிள்ளைக்குத்தான் அந்த வேலை போகிறது. அதை இவனுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். பீரியடுக்கு இரண்டு தடவை.